டாஸ்க்பாரில் எதை எடுத்தால் எது போகும்?

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கா? கீழே இருக்கிற ஐகானை எல்லாம் எடுத்து விடுங்கண்ணா, சரியாயிடும்." தருமபுரியோ கிருஷ்ணகிரியோ, தாலுகா ஆபீஸ் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த யோசனை காதில் விழுந்துவிடும். ஐகான்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் சிஸ்டம் பழையபடி ஆடி அசைந்துதான் வரும். இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. மாங்காய் மண்டியில் டேலி சாஃப்ட்வேரில் கணக்கு பார்ப்பவர், "டேய், அந்த ஐகானைத் தொடாதே, டேலியே போயிடும்" என்று பையனை அதட்டுவார். அப்படியெல்லாம் டேலி போகாது. உள்ளே இருக்கும் கணக்கும் போகாது.

இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றுதான். திரையின் அடியில் கிடக்கும் அந்த ஒரே பட்டையில் மூன்று வெவ்வேறு வகைச் சமாச்சாரங்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. பார்க்க எல்லாமே குட்டிக் குட்டிப் படங்கள். அதனால் எல்லாம் ஒரே வகை என்று நினைத்துவிடுகிறோம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், டாஸ்க்பாரை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ள வேறு பெரிய படிப்பு எதுவும் வேண்டாம்.

விண்டோஸ் எக்ஸ்பி, 7, 10 ஆகிய மூன்றில் ஒன்று ஓடும் டெஸ்க்டாப்பை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நம் பக்கத்துக் கடைகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் அவைதான்.

## எந்தப் பட்டை?

விண்டோஸில் இடது கோடியில் ஸ்டார்ட் பட்டனும் வலது கோடியில் கடிகாரமுமாக, திரையின் அடி விளிம்பை ஒட்டி நீளமாகக் கிடக்கிறதே, அதுதான் டாஸ்க்பார். 1995 ஆகஸ்ட்டில் விண்டோஸ் 95 உடன் வந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் 3.1இல் இது கிடையாது. அதில் ஒரு விண்டோவைச் சுருக்கினால், அது ஐகானாகி திரையின் அடியில் போய் உட்காரும். மேலே இன்னொரு விண்டோ பெரிதாகத் திறந்திருந்தால் அந்த ஐகான் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். பாதியில் விட்ட வேலையைத் தேடிக் கண்டுபிடிப்பதே தனி வேலை. திறந்திருப்பது எல்லாம் எப்போதும் கண்ணில் படும்படி ஓர் இடம் வேண்டும் என்றுதான் இந்தப் பட்டை வந்தது.

ஆரம்பத்தில் குழப்பம் குறைவு. நடுவில் ஒரு பட்டன் தெரிந்தால், ஒரு விண்டோ திறந்திருக்கிறது என்று பொருள். 1997இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 உடன் 'குவிக் லாஞ்ச்' என்று ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பகுதி சேர்ந்தது. அடிக்கடி வேண்டிய புரோகிராம்களின் ஐகான்களை அதில் போட்டு வைத்துக்கொள்ளலாம். அப்போதும் இது தனி, அது தனி என்று கோடு போட்ட மாதிரி இருந்தது. 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தபோதுதான் இரண்டையும் ஒரே இடத்தில் கலந்துவிட்டார்கள். திறந்திருக்கும் புரோகிராமும் திறக்காத புரோகிராமும் ஒரே வரிசையில் ஒரே அளவுப் படமாக நின்றன. பார்வைக்கு அழகுதான். எது ஓடுகிறது, எது சும்மா நிற்கிறது என்ற குழப்பம் பெரிதானதும் அப்போதுதான்.

## பேருந்து நிலையத்தில் மூன்று

தருமபுரி பேருந்து நிலையத்துக்குள் போனால் மேலே ஊர்ப் பெயர்ப் பலகைகள் தெரியும்: சேலம், அரூர், பாலக்கோடு, பென்னாகரம், ஒகேனக்கல். பலகைக்குக் கீழே பஸ் நின்றாலும் நிற்கும், காலியாகவும் கிடக்கும். இங்கே வந்து நின்றால் இந்த ஊருக்குப் பஸ் கிடைக்கும் என்பதைத் தவிர அந்தப் பலகை வேறு எதையும் சொல்வதில்லை.

இரண்டாவது, உண்மையிலேயே வந்து நிற்கும் பஸ். எஞ்சின் ஓடுகிறது, டீசல் செலவாகிறது, ஆட்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, டைம் கீப்பர் அறை. அங்கே இருப்பவர் எந்த ஊருக்கும் போகப் போவதில்லை. பயணிகள் பெரும்பாலும் அவரைக் கவனிப்பதும் இல்லை. ஆனால் காலை முதல் அவர் வேலை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். நிலையம் நடப்பது அவரால்.

டாஸ்க்பாரிலும் இதே மூன்றுதான். பலகை மாதிரி இருப்பவை 'பின்' செய்த ஐகான்கள். எக்ஸ்பியில் என்றால் குவிக் லாஞ்ச் ஐகான்கள். பின் செய்வது என்றால், புரோகிராமைத் திறக்கும் ஒரு குறுக்குவழியை டாஸ்க்பாரில் நிரந்தரமாகக் குத்தி வைப்பது. பஸ் மாதிரி இருப்பவை திறந்திருக்கும் விண்டோக்கள். டைம் கீப்பர் மாதிரி இருப்பவை கடிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பொடி ஐகான்கள். அந்த மூலைக்கு 'நோட்டிஃபிகேஷன் ஏரியா' என்று பெயர். கடைகளில் எல்லோரும் 'சிஸ்டம் ட்ரே' என்பார்கள். நானும் ட்ரே என்றே சொல்கிறேன்.

இப்போது ஆரம்பத்தில் பார்த்த இரண்டு பேச்சையும் எடுத்துக்கொள்வோம். ஒகேனக்கல் பலகையைக் கழற்றிவிட்டால் ஒகேனக்கல் பஸ் நின்றுவிடுமா? நிற்காது. டேலி ஐகானை எடுத்தால் டேலி போகாததும் இதனால்தான். அதே மாதிரி, பலகைகளைக் கழற்றியதால் டீசல் மிச்சமாகுமா? ஆகாது. பின் செய்த ஐகான்களை நீக்கியும் சிஸ்டம் வேகமாகாததற்குக் காரணம் இதுதான். டீசல் குடிப்பவை பஸ்கள். அப்புறம், சம்பளம் வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பின் செய்தது ஓடாது, விண்டோ ஓடும், ட்ரேயில் இருப்பது விண்டோ இல்லாமலே ஓடும்.

## ஓடுவது எது, சும்மா நிற்பது எது?

எக்ஸ்பியில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டார்ட் பட்டனை ஒட்டிச் சின்னப் படமாக மட்டும் இருந்தால் குவிக் லாஞ்ச். பெயரோடு நீளப் பட்டனாக இருந்தால் திறந்த விண்டோ. விண்டோஸ் 7இல் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். திறந்திருக்கும் புரோகிராமின் ஐகானைச் சுற்றிக் கண்ணாடிச் சட்டம் போட்டது போல ஒரு கட்டம் தெரியும். சும்மா பின் செய்ததற்குக் கட்டம் இருக்காது. ஒரே புரோகிராமில் இரண்டு மூன்று விண்டோ திறந்திருந்தால் கட்டத்தின் வலது ஓரம் அடுக்கி வைத்தது போலத் தெரியும். விண்டோஸ் 10இல் கட்டத்துக்குப் பதில் ஐகானுக்கு அடியில் ஒரு கோடு.

பழைய மானிட்டரில் வெளிச்சம் மங்கிப்போயிருந்தால் இந்தக் கட்டமும் கோடும் சரியாகத் தெரியாது. அந்த மாதிரி இடத்தில் ஐகானோடு பெயரும் தெரியும்படி வைத்துவிடுவதே நல்லது என்பது என் கட்சி. டாஸ்க்பாரில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, 7இல் 'பிராப்பர்ட்டீஸ்', 10இல் 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' போனால், பட்டன்களைச் சேர்த்துக் காட்டுவது பற்றி ஒரு பட்டியல் இருக்கும். 7இல் 'நெவர் கம்பைன்', 10இல் 'நெவர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு விண்டோவும் பெயரோடு தனித்தனியாக நிற்கும். பழைய எக்ஸ்பி பழக்கம் கைக்கு வந்துவிடும்.

சேர்த்துக் காட்டும் பழக்கம் ஜெராக்ஸ் கடைக்கு ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருவருக்குப் பட்டா மனு, இன்னொருவருக்கு பயோடேட்டா, மூன்றாமவருக்குக் காதுகுத்துப் பத்திரிகை என்று வேர்டில் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும். எக்ஸ்பியில் டாஸ்க்பார் நிறைந்ததும் இவை எல்லாம் ஒரே பட்டனாகச் சுருண்டு, பக்கத்தில் ஓர் எண் மட்டும் காட்டும். அதில் ரைட் கிளிக் செய்து 'க்ளோஸ் குரூப்' என்று அழுத்தினால் ஒன்றை மூடுவதாக நினைத்து எல்லாவற்றையும் மூடச் சொன்னதாகிவிடும். 'சேவ் பண்ணட்டுமா' என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, அவசரத்தில் ஒரு 'நோ' போதும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். சில நேரம் ஒரு பட்டன் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும். புரோகிராம் உங்களிடம் ஏதோ கேட்க நினைக்கிறது, ஆனால் நீங்கள் வேறு விண்டோவில் டைப் செய்துகொண்டிருப்பதால் குறுக்கே பாயாமல் காத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். பிரிண்ட் வரவில்லை என்று பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருப்போம்; 'பேப்பர் அளவு பொருந்தவில்லை, தொடரலாமா' என்ற கேள்வி பின்னால் ஒரு விண்டோவில் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கும். மினுக்கினால் முதலில் அதைக் கிளிக் செய்து பாருங்கள்.

பின் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 7இலும் 10இலும், திறந்திருக்கும் புரோகிராமின் ஐகானில் ரைட் கிளிக் செய்தால் டாஸ்க்பாரில் பின் செய்யச் சொல்லும் வரி இருக்கும். நீக்கவும் அங்கேயே வழி. எக்ஸ்பியில் டாஸ்க்பாரில் ரைட் கிளிக், 'டூல்பார்ஸ்', அதில் 'குவிக் லாஞ்ச்' என்று டிக் செய்துவிட்டு, டெஸ்க்டாப் ஐகானை இழுத்து வந்து அதில் போட வேண்டியதுதான். 7 முதல், பின் செய்த வரிசைக்கு ஒரு போனஸ் உண்டு: விண்டோஸ் கீயோடு 1 அழுத்தினால் முதல் ஐகான் திறக்கும், 2 அழுத்தினால் இரண்டாவது, 9 வரைக்கும் இப்படியே. மவுஸ் பாதி நாள் வேலை செய்யாத கடைகளுக்கு இது பெரிய வரம்.

## கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்

அதிகத் தப்பெண்ணம் இருப்பது இந்த மூலையில்தான், சிஸ்டத்தின் வேகத்தோடு உண்மையான தொடர்பு உள்ளதும் இதற்குத்தான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சில புரோகிராம்களுக்கு விண்டோ தேவையில்லை. வைரஸ் பார்க்கும் புரோகிராம் பின்னணியில் இருந்தால் போதும். தமிழ் டைப் செய்ய உதவும் என்எச்எம் ரைட்டர் போன்றவை, நீங்கள் வேர்டில் இருந்தாலும் பிரவுசரில் இருந்தாலும் கீ அழுத்துவதைக் கவனித்துத் தமிழாக்கித் தர வேண்டும். தனக்கென்று ஒரு விண்டோவைத் திறந்து இடத்தை அடைக்க வேண்டியதில்லை. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று காட்ட மட்டும் இப்படிப்பட்டவை ட்ரேயில் ஓர் ஐகானை வைத்துக்கொள்கின்றன. பிரிண்ட் கொடுத்தால் அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு பிரிண்டர் படம் அங்கே வரும். அதை டபுள் கிளிக் செய்தால், எந்த ஃபைல் முன்னால் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று வரிசையே தெரியும். பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்து பார்ப்பதற்கு முன் அங்கே ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

ஐகான்கள் பெருகினால் விண்டோஸ் சிலவற்றை மறைத்து, ஓர் அம்புக்குறிக்குள் தள்ளிவிடும். எக்ஸ்பி காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. 7இல் எதை மறைக்கலாம், எதைக் காட்டலாம் என்று நாமே முடிவு செய்யலாம். அம்புக்குறியை அழுத்தி 'கஸ்டமைஸ்' போனால் ஒவ்வொரு ஐகானுக்கும் மூன்று வாய்ப்புகள் இருக்கும்: ஐகானையும் அறிவிப்பையும் காட்டு, இரண்டையும் மறை, அறிவிப்பு வந்தால் மட்டும் காட்டு. 10இல் டாஸ்க்பார் செட்டிங்ஸில் ஒவ்வொன்றுக்கும் ஆன், ஆஃப்.

இங்கேதான் தப்பு நடக்கிறது. 'மறை' என்று கொடுத்தவுடன் அந்தப் புரோகிராமே நின்றுவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். டைம் கீப்பர் அறை ஜன்னலுக்குத் திரை போட்டால் அவர் வீட்டுக்குப் போய்விடுவாரா? உள்ளே இருந்து வேலை பார்த்துக்கொண்டுதான் இருப்பார். மறைத்த ஐகானின் புரோகிராமும் அப்படியே ராமில் உட்கார்ந்திருக்கும். ராம் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் தற்காலிகமாகத் தங்கும் இடம். சிஸ்டத்தை ஆஃப் செய்தால் காலியாகிவிடும். 32 பிட் விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன குறைந்தபட்ச ராம் 1 ஜிபி. அந்த அளவே உள்ள பழைய சிஸ்டத்தில் ட்ரேயில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால், பிரவுசர் திறக்க இடமில்லாமல் திணறத்தான் செய்யும்.

அப்படியானால் உண்மையில் வேகம் வேண்டும் என்றால் என்ன செய்வது? ஐகானில் ரைட் கிளிக் செய்து 'எக்ஸிட்' கொடுத்தால் அந்தப் புரோகிராம் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் நாளைக் காலை சிஸ்டத்தை ஆன் செய்ததும் திரும்ப வந்து உட்காரும். காரணம், விண்டோஸ் தொடங்கும்போதே யார் யாரை எழுப்ப வேண்டும் என்று ஒரு பட்டியல் உள்ளே இருக்கிறது. அதற்கு ஸ்டார்ட்அப் பட்டியல் என்று பெயர். டிக் எடுக்க வேண்டிய இடம் அதுதான். எக்ஸ்பியிலும் 7இலும் விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு ஆங்கில எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டினால் 'ஸ்டார்ட்அப்' என்ற பக்கம் கிடைக்கும். 10இல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் டாஸ்க் மேனேஜரிலேயே அந்தப் பக்கம் இருக்கிறது.

அதைத் திறந்ததும் கை பரபரக்கும். எல்லா டிக்கையும் எடுத்துவிடாதீர்கள். வைரஸ் பார்ப்பதையும், தமிழ் டைப்பிங்கையும், பெயர் பார்த்து என்னவென்று தெரியாதவற்றையும் அப்படியே விட்டுவிடுங்கள். எப்போதோ வாங்கித் தூக்கிப் போட்ட பிரிண்டரின் உதவியாளர், யாரும் கேட்காமலே தினமும் அப்டேட் தேடுபவர், பழைய போனை இணைக்கப் போட்ட சாஃப்ட்வேர் என்று சில பேர் நிச்சயம் தென்படுவார்கள். அவர்களை நிறுத்தினால் போதும்.

ட்ரேயில் ஒரு வேடிக்கையும் நடக்கும். சில நேரம் ஓர் ஐகான் தெரியும். மவுஸை அதன் மேல் கொண்டுபோனதும் சட்டென்று மறையும். பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் புரோகிராம் எப்போதோ எதிர்பாராமல் செத்துப்போயிருக்கிறது. போகும்போது தன் படத்தை எடுத்துவிட்டுப் போகவில்லை. மவுஸ் மேலே வந்தபோதுதான் விண்டோஸ், இந்த ஆள் இன்னும் இருக்கிறாரா என்று பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் படத்தை எடுக்கிறது.

சுருக்கமாக: மறைப்பது வேறு, நிறுத்துவது வேறு, இனி தானாக எழாமல் செய்வது வேறு. வேகம் கிடைப்பது பின்னிரண்டில்தான்.

## பட்டையை வரைவது யார்?

டாஸ்க்பாரும் ஒரு புரோகிராம் வரைந்து காட்டும் விஷயம்தான். அந்தப் புரோகிராமின் பெயர் எக்ஸ்ப்ளோரர். மை கம்ப்யூட்டரைத் திறந்தால் ஃபோல்டர்களைக் காட்டுவதும் அதேதான். டெஸ்க்டாப்பில் ஐகான்களை வைப்பதும் அதேதான். இணையம் பார்க்கும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வேறு.

ஒரு புரோகிராம் புது விண்டோவைத் திறக்கும்போது எக்ஸ்ப்ளோரருக்குத் தகவல் போகும். அது பட்டையில் ஒரு பட்டனைச் சேர்க்கும். விண்டோ மூடப்பட்டால் பட்டனை எடுக்கும். இவ்வளவுதான் அதன் கணக்கு. அதனால் என்றாவது டாஸ்க்பாரும் டெஸ்க்டாப் ஐகான்களும் மொத்தமாகக் காணாமல் போய் வெறும் வால்பேப்பர் மட்டும் தெரிந்தால், எக்ஸ்ப்ளோரர் விழுந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். ஃபைல்கள் அழியவில்லை. பாதி டைப் செய்த வேர்ட் விண்டோகூட அப்படியே இருக்கும். 'எல்லாம் டெலிட் ஆயிடுச்சு' என்று பதறி பவர் பட்டனை அழுத்துவதால்தான் உண்மையான நஷ்டம் வருகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரை வரவழைத்து, 'ஃபைல்' மெனுவில் புது டாஸ்க் என்ற வரியை அழுத்தி, எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் பட்டை திரும்ப வரும்.

அப்படித் திரும்பி வரும்போது, ட்ரேயில் இருந்தவர்களை எல்லாம் 'வந்து கையெழுத்துப் போடுங்கள்' என்று எக்ஸ்ப்ளோரர் கூப்பிடும். ஒழுங்காக எழுதப்பட்ட புரோகிராம்கள் ஐகானைத் திரும்ப வைக்கும். சில பழைய புரோகிராம்கள் அந்தக் கூப்பாட்டைக் காதில் வாங்காது. ஐகான் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். தமிழ் டைப்பிங் ஐகான் இல்லை, ஆனால் தமிழ் மட்டும் வருகிறது என்ற விசித்திரத்துக்கு இது ஒரு காரணம்.

## சரி, கை வைக்கலாம்

முதலில் பூட்டு. டாஸ்க்பாரில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்தால் 'லாக் த டாஸ்க்பார்' என்று ஒரு வரி. டிக் இருந்தால் பட்டையை நகர்த்தவோ பெரிதாக்கவோ முடியாது. மாற்ற வேண்டும் என்றால் டிக்கை எடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். குழந்தைகள் கை வைக்கும் சிஸ்டத்தில் இது ரொம்ப முக்கியம். பூட்டாத பட்டையை மவுஸால் பிடித்து இழுத்தால் அது பக்கவாட்டிலோ மேலேயோ போய் ஒட்டிக்கொள்ளும்.

பக்கவாட்டில் வைப்பது சேட்டை மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம், அதில் லாபமும் உண்டு. 1366க்கு 768 அளவுள்ள அகல மானிட்டரில் உயரம்தான் பற்றாக்குறை. 7இலும் 10இலும் டாஸ்க்பார் வழக்கமாக 40 பிக்சல் உயரம் எடுத்துக்கொள்ளும். பிக்சல் என்பது திரையில் உள்ள ஒரு புள்ளி. 768இல் 40 போனால் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. நாள் முழுக்க ஏ4 பக்கம் டைப் செய்பவர்களுக்கு இரண்டு வரி கூடுதலாகத் தெரிந்தாலும் லாபம்தான். பட்டையை இடது பக்கம் கொண்டுபோனால் உயரம் மிச்சமாகும். அகலம் தாராளமாக இருப்பதால் அங்கே குறைவது உறைக்காது. பழைய சதுர மானிட்டர் என்றால் இந்த யோசனை வேண்டாம், அதில் அகலமே போதாது. அதற்குப் பதில் 7இலும் 10இலும் சின்ன ஐகான் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் உயரம் 40இலிருந்து 30 பிக்சலாகக் குறையும்.

எனக்குப் பிடித்த வசதி ஒன்று, பலருக்கும் தெரியாமலே கிடக்கிறது. டாஸ்க்பாரில் ரைட் கிளிக், 'டூல்பார்ஸ்', 'நியூ டூல்பார்'. அது ஒரு ஃபோல்டரைக் கேட்கும். வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல் என்று அடிக்கடி வேண்டிய மனு மாதிரிகளை ஒரே ஃபோல்டரில் போட்டு அதைக் காட்டினால், அந்த ஃபோல்டரின் பெயர் டாஸ்க்பாரிலேயே வந்து நிற்கும். பக்கத்தில் உள்ள சின்ன அம்பை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் பட்டியலாக மேலே விரியும். கூட்டம் நெருக்கும் நாளில் மை கம்ப்யூட்டர், டி டிரைவ், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் என்று தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். எக்ஸ்பி, 7, 10 மூன்றிலும் இது உண்டு. இந்த டூல்பாரை எடுத்துவிட்டால் ஃபோல்டர் அழியாது. அதுவும் பலகை வகைதான்.

இதற்கெல்லாம் என்று இணையத்தில் தனியாக சாஃப்ட்வேர் இறக்க வேண்டாம். உள்ளேயே இருப்பதைச் செய்ய வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தால், அவரும் ட்ரேயில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்வார். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், 7க்கு 2020 ஜனவரியிலும், 10க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத சிஸ்டத்தில் யாரோ எழுதிய இலவசப் புரோகிராமைப் போடுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

## பட்டையைக் காணோம் என்றால்

முதலில் விண்டோஸ் கீயை அழுத்துங்கள். பட்டை எட்டிப் பார்த்தால் 'ஆட்டோ ஹைட்' போட்டிருக்கிறது என்று பொருள். செட்டிங்ஸில் போய் அந்த டிக்கை எடுத்தால் போதும். எக்ஸ்பியில் இன்னொரு விதமும் உண்டு: பூட்டாத பட்டையை யாரோ கீழே அழுத்தி நூல் மாதிரி ஆக்கியிருப்பார்கள். திரையின் அடி விளிம்பில் மவுஸை மெதுவாக நகர்த்தினால் ஓரிடத்தில் இரட்டைத் தலை அம்பாக மாறும்; பிடித்து மேலே இழுங்கள். டெஸ்க்டாப்பும் சேர்ந்து காணோம் என்றால், மேலே சொன்ன எக்ஸ்ப்ளோரர் வைத்தியம்.

வேறு பெயரில் லாகின் செய்தாலும் பட்டை வேறு மாதிரி தெரியும். பின் செய்தது, இடம், அளவு எல்லாம் அந்தந்தப் பயனருக்கென்று தனித்தனியாக எழுதி வைக்கப்படுகின்றன. காலை ஷிஃப்ட் பார்ப்பவருக்கு ஒன்று, மாலை ஷிஃப்ட் பார்ப்பவருக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்துக்கொண்டால் ஒருவர் அடுக்கியதை இன்னொருவர் கலைக்கும் சண்டை வராது.

## கடிகாரம் மட்டும் தனிக் கதை

பட்டையின் கோடியில் இருக்கும் கடிகாரத்தை நிறைய பேர் அலங்காரமாக நினைக்கிறார்கள். பழைய டெஸ்க்டாப்பில் அதிகத் தொந்தரவு தருவதே அதுதான். ராத்திரி கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுப் போவோம். காலையில் ஆன் செய்தால் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்க மதர்போர்டில் ஒரு சின்ன கடிகாரச் சுற்று இருக்கிறது. அதற்கு உயிர் கொடுப்பது காசு அளவுள்ள வட்ட பேட்டரி. பெரும்பாலான போர்டுகளில் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் வகை. பேட்டரி தீர்ந்தால் அந்தச் சுற்றும் நின்றுவிடும். டாஸ்க்பாரில் தெரிவது அதன் கணக்குதான்.

தேதி தப்பினால் என்ன போச்சு என்று கேட்கலாம். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். உங்கள் சிஸ்டம் 2009 என்று நம்பிக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத சான்றிதழ். பிரவுசர் உள்ளே விடாது. கடைக்காரர் நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவார். வாசலில் மனு கொடுக்க வந்தவர்கள் சர்வர் டவுன் என்று நினைத்துத் திரும்பிப் போவார்கள்.

டாஸ்க்பாரில் கடிகாரத்தைக் கிளிக் செய்து தேதியைத் திருத்தினால் அன்றைக்கு வேலை நடக்கும். அப்படியே நேர மண்டலத்தையும் பாருங்கள். பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி என்று நாலு ஊர் பெயரும் சேர்ந்து இருக்கும் ஐந்தரை மணி வரிதான் நமக்கு. ஆனால் மறுநாள் காலை தேதி மறுபடியும் பின்னால் போயிருந்தால், விண்டோஸில் எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. சிஸ்டத்தை ஆஃப் செய்து, பவர் ஒயரைக் கழற்றிவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்து அந்தப் பேட்டரியை மாற்றுங்கள். எழுத்து உள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டும்.